தில்லிக்காக எழுதிய சட்டம். பூட்டு விழுந்தது ஐஹோளேயில்

உத்தரப் பிரதேச மாநிலம் பலியா மாவட்டத்தில் அமாவே என்ற இடத்தில் ஓர் ஆலமரத் தோப்பு. அதனுள்ளே பழங்காலக் கட்டடங்களின் எச்சங்கள். மிர்சாபூர் மாவட்டத்தில் ஆகுகி என்ற ஊரில் ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டைச் சேர்ந்த மூன்று சிறிய லிங்கக் கோயில்கள். உத்தரகண்டில் அல்மோரா மாவட்டத்து துவாராகாட்டில் குடும்பரி கோயில். அருணாசலப் பிரதேசத்தின் லோஹித் மாவட்டத்தில் பாயாவுக்கு அருகே தாமிரக் கோயில் ஒன்றின் இடிபாடுகள்.

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச் சின்னங்கள் என்று மத்திய அரசின் பட்டியலில் பல பத்தாண்டுகளாக இடம்பெற்றிருந்தவை இவை. இவற்றையும் சேர்த்து 18 சின்னங்களைப் பட்டியலிலிருந்து நீக்க முடிவு செய்துள்ளதாக 2024 மார்ச் 8-ஆம் தேதி அரசிதழில் அறிவிக்கை வெளியானது. ஆட்சேபம் தெரிவிக்கப் பொதுமக்களுக்கு இரண்டு மாத அவகாசமும் தரப்பட்டது. அவை தேசிய முக்கியத்துவத்தை இழந்துவிட்டன என்பது அறிவிக்கையின் வாசகம். அவை எங்கே இருக்கின்றன என்பதே இந்தியத் தொல்லியல் துறைக்குத் தெரியவில்லை என்பது உண்மைக் காரணம்.

கோயிலைக் காணோம், கல்லறையைக் காணோம் என்ற செய்தி தில்லியில் ஓரிரு நாள்கள் கேலிக்குரிய பேச்சாக அடிபட்டு ஓய்ந்துவிட்டது. ஆனால், பட்டியலிலிருந்து காணாமல் போனவற்றைவிட, பட்டியலில் இருந்துகொண்டிருப்பவற்றால் கிராமப்புற இந்தியாவில் எழுந்துள்ள சிக்கல் பெரிது. அதைப் பற்றி நாடாளுமன்றத்தில்கூட அதிகம் பேசப்படுவதில்லை.

தேடப்பட்ட 92:

இந்தக் கதை 2013-இல் தொடங்குகிறது. மத்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அலுவலர்கள் அந்த ஆண்டு அறிக்கைக்காகத் தொல்லியல் துறை அதிகாரிகளையும் உடன் அழைத்துக்கொண்டு நேரிலேயே சென்று பார்த்தனர். அப்போது பட்டியலில் இருந்த 3,678 சின்னங்களில் 1,655 மட்டுமே ஆய்வு செய்யப்பட்டன. அவற்றில் 92 காணப்படவில்லை. பாதிக்கும் குறைவானவற்றைத் தேடியபோதே இந்த எண்ணிக்கை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அதற்குப் பிறகு பழைய வருவாய் ஆவணங்களையும் வரைபடங்களையும் புரட்டி 42 சின்னங்களைத் தொல்லியல் துறை மீட்டெடுத்தது. எஞ்சிய 50-இல் 14 நகரமயமாதலுக்கு இரையாகின. 12 அணைகளின் நீர்த்தேக்கங்களில் மூழ்கின. 24 பற்றித் தகவலே இல்லை. இது 2022-இல் நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் கலாசார அமைச்சகமே அளித்த கணக்கு. அந்த 24-இல் அசாமின் தின்சுகியா மாவட்டத்தைச் சேர்ந்த ஷேர் ஷா காலத்துப் பீரங்கிகளும் அடக்கம். நகர்த்தக்கூடிய பீரங்கியை நினைவுச் சின்னமாகப் பதிவு செய்துவிட்டு, அது இருந்த இடத்தில் இல்லையே என்று வியப்பதில் பொருள் இல்லை.

அதே நிலைக்குழுவிடம் தரப்பட்ட இன்னொரு கணக்கு இதைவிட முக்கியமானது. நாடு முழுவதும் உள்ள 3,693 சின்னங்களைக் காக்க சுமார் 7,000 காவலர்கள் தேவை. நிதி நெருக்கடியால் நியமிக்க முடிந்தது 2,578 பேரை. அதுவும் 248 இடங்களில் மட்டும். தாஜ் மகாலிலும் செங்கோட்டையிலும் குதுப் மினாரிலும் காவல் இருக்கும். கிராமத்தின் ஒதுக்குப்புறத்தில் வயல்வெளிக்கு நடுவே நிற்கும் கோயிலுக்கு, நீல நிறப் பலகைதான் காவல். சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்ற எச்சரிக்கை அதில் எழுதப்பட்டிருக்கும். எழுத்து மங்கிப்போன பலகைகளும் உண்டு.

செலவுக் கணக்கும் இதையே சொல்கிறது. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2023 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2019-20-இல் இந்தச் சின்னங்களைப் பாதுகாக்கச் செலவானது 428 கோடி ரூபாய். சராசரி பார்த்தால் ஒரு சின்னத்துக்கு ஏறத்தாழ 11 லட்சம் ரூபாய். சராசரி என்பது ஏமாற்றும் கணக்கு. பெரிய சின்னங்கள் தங்கள் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு சிறிய ஊர்களுக்கு எஞ்சுவது என்ன என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

பட்டியல் பிறந்த விதம்:

இந்தப் பட்டியலை ஆராய்ந்து, அளவுகோல் வைத்து, ஒரே மூச்சில் யாரும் தயாரிக்கவில்லை. கர்சன் பிரபு காலத்தில் 1904-இல் பழங்கால நினைவுச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் கீழ் பிரிட்டிஷ் அதிகாரிகள் தங்கள் மாவட்டங்களில் கண்ணில் பட்டவற்றையும் மனத்துக்கு உகந்தவற்றையும் பதிவு செய்தனர். கோயில்களோடும் ஸ்தூபிகளோடும், அவர்களுடைய சிப்பாய்களின் கல்லறைகளும் அதில் இடம்பெற்றன. 1951-இல் ஒரு சட்டத்தின் மூலமும், பின்னர் இன்று நடைமுறையில் உள்ள 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலமும் அந்தப் பழைய பட்டியல் அப்படியே தேசிய முக்கியத்துவம் பெற்றது. முன்னாள் சமஸ்தானங்களின் சின்னங்கள் தனியாக வந்து சேர்ந்தன.

விளைவு விசித்திரமானது. பொருளாதார ஆலோசனைக் குழுவின் கணக்குப்படி உத்தரப் பிரதேசத்தில் 743, கர்நாடகத்தில் 506, தமிழகத்தில் 413 சின்னங்கள். தில்லி நகரில் மட்டும் 173. பாடலிபுத்திரத்தையும் நாளந்தாவையும் கொண்ட பிகாருக்கோ வெறும் 70, தெலங்கானாவுக்கு 8. வரலாறு இவ்வாறு கணக்குப் பார்த்து மாநிலங்களுக்குப் பங்கு வைத்திருக்க வாய்ப்பில்லை. 1857 கிளர்ச்சியை ஒடுக்கியவர்களில் ஒருவரான ஜான் நிக்கல்சனின் சிலை தில்லியிலிருந்து பெயர்க்கப்பட்டு வட அயர்லாந்துக்கே போய்விட்டது. அதன் பெயர் மட்டும் பட்டியலைவிட்டுப் போகவில்லை என்பதையும் அந்தக் குழு சுட்டிக்காட்டியது.

தேசியப் பட்டியலில் ஒரு பெயர் இடம்பெற்றால் என்ன நடக்கும்? பல்லாண்டுகள் வரை பெரிதாக எதுவும் நடக்கவில்லை. சின்னத்தை இடிக்கக் கூடாது, பெயர் கிறுக்கக் கூடாது, அதனருகே குழி தோண்டக் கூடாது, அவ்வளவுதான். 1992 ஜூன் 16-ஆம் தேதி வெளியான அறிவிக்கைதான் நிலைமையை மாற்றியது. சின்னத்தின் எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் மேலும் 200 மீட்டர் கட்டுப்படுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்துக்குள் புதிய கட்டடம் கூடாது. இரண்டாவது வட்டத்துக்குள் அனுமதி பெற்றே கட்ட வேண்டும்.

தில்லி வழக்கும் 2010 சட்டமும்:

தலைநகரில் முகலாயர் கல்லறைகளையும் சுல்தானியர் காலத்து மசூதிகளையும் நெருக்கிக்கொண்டு அடுக்குமாடிகள் எழும்பிய காலம் அது. எனவே, அறிவிக்கைக்கு நியாயம் இருந்தது. ஆனால், தொல்லியல் துறையே ஒரு நிபுணர் குழுவை வைத்துக்கொண்டு, தடை செய்யப்பட்ட பகுதிக்குள்ளும் கட்டுமானங்களுக்கு அனுமதி அளித்து வந்தது. அந்த அனுமதிகள் சட்டப்படி செல்லாது என்று தில்லி உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகளுக்காகத் தலைநகரில் மேம்பாலங்களும் அரங்குகளும் எழுந்துகொண்டிருந்த நேரம். அரசு திகைத்தது.

அதன் பிறகே 2010 மார்ச்சில் திருத்தச் சட்டம் பிறந்தது. அதன் முழுப் பெயரிலேயே உண்மை ஒளிந்திருக்கிறது: "திருத்தம் மற்றும் செல்லுபடியாக்கல்" சட்டம். 1992 முதல் நிபுணர் குழுவின் பரிந்துரைப்படி வழங்கப்பட்ட அனுமதிகள் எல்லாம் செல்லும் என்று அறிவித்துவிட்டு, இனிமேல் பொதுப் பணிகளுக்குக்கூட 100 மீட்டருக்குள் அனுமதி கிடையாது என்று அது கதவைச் சாத்தியது. ஏற்கெனவே உள்ளே நுழைந்தவர்கள் உள்ளே, நுழையாதவர்கள் வெளியே. உள்ளே நுழைந்தவர்களில் கிராமத்து ஏழைகள் இல்லை. நிபுணர் குழு ஒன்று தில்லியில் இருக்கிறது, அதனிடம் விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை.

100 மீட்டர் என்பது நகரவாசிக்கு ஒரு தெருவின் நீளம். கிராமத்திலோ அது ஊரின் பாதி. ஒரே ஒரு புள்ளியை மையமாக வைத்துக் கணக்கிட்டால்கூட தடை செய்யப்பட்ட பரப்பு ஏழே முக்கால் ஏக்கர். 300 மீட்டர் வட்டத்தின் பரப்பு 70 ஏக்கர் அளவுக்கு வரும். சின்னத்தின் சுவரிலிருந்து அல்லாமல், பாதுகாக்கப்பட்ட நிலத்தின் எல்லையிலிருந்தே தூரம் அளக்கப்படுவதால் உண்மைப் பரப்பு இதைவிட அதிகம். ஒரே ஊரில் பல சின்னங்கள் இருந்தால் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஊர் முழுவதையும் மூடிவிடும்.

ஐஹோளேயின் கதை:

அப்படி மூடப்பட்ட ஊர்களில் முதன்மையானது கர்நாடகத்தின் பாகல்கோட்டை மாவட்டத்தில் மலப்பிரபா ஆற்றங்கரையில் உள்ள ஐஹோளே. கட்டடக் கலை மாணவர்கள் இந்தியக் கோயில் கலையின் தொட்டில் என்று படிக்கும் ஊர். சாளுக்கியர் காலத்தில், ஆறாம் நூற்றாண்டிலிருந்து தொடங்கி இங்கே நூற்றுக்கும் மேற்பட்ட கோயில்கள் எழுந்தன. நாகரம், திராவிடம் என்று பிற்காலத்தில் பிரிந்த பாணிகள் ஒரே ஊரில் அடுத்தடுத்துச் சோதித்துப் பார்க்கப்பட்ட இடம் இது. தமிழர்களுக்கும் இந்த ஊர் அந்நியமல்ல. இங்குள்ள குன்றின் மேல் மேகுட்டி சமணக் கோயிலில் கி.பி. 634-இல் ரவிகீர்த்தி பொறித்த கல்வெட்டு, இரண்டாம் புலிகேசி பல்லவரோடு நடத்திய போரைப் பேசுகிறது. சில ஆண்டுகளில் நரசிம்மவர்ம பல்லவன் வாதாபியைக் கைப்பற்றி அங்குள்ள பாறையில் தன் பெயரைப் பொறித்தான். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்ற நினைவாக அவன் அரசி எழுப்பிய கோயில்தான், ஐஹோளேவுக்கு அருகே பட்டடக்கல்லில் நிற்கும் விருபாட்சர் கோயில்.

ஐஹோளேயின் கோயில்களுக்கு இன்று வழங்கும் பெயர்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். லாட் கான் கோயில் என்பது அதற்குள் குடியிருந்த ஓர் இஸ்லாமியரின் பெயரால் வந்தது. அம்பிகேர குடி என்றால் ஓடக்காரர்களின் கோயில். படிகேர குடி என்றால் தச்சர்களின் கோயில். கௌடர குடி ஊர்க் கவுடரின் பெயரைத் தாங்குவது. புகழ்பெற்ற துர்க்கை கோயிலுக்கும் துர்க்கைக்கும் தொடர்பில்லை. அதை ஒட்டியிருந்த துர்க்கத்தின், அதாவது கோட்டை அரணின் பெயரே அது. சாளுக்கியர் வைத்த பெயர்கள் பல கோயில்களுக்கு மறைந்தேவிட்டன. வழிபாடு நின்று, அரசுகள் மாறி, எவரும் திரும்பிப் பார்க்காத நூற்றாண்டுகளில் இந்தக் கற்கூரைகளின் கீழ் மக்கள் குடியிருந்தனர், மாடு கட்டினர், தானியம் சேர்த்தனர். சிற்பங்களுக்கு அதனால் சேதமும் நேர்ந்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், ஆள் புழக்கமற்ற கோயில்கள் மரம் முளைத்துச் சரிந்த இடங்களும் இந்த நாட்டில் எத்தனையோ உண்டு. தொல்லியல் துறையின் பலகைகளில் இருப்பது அந்தக் குடியிருப்பாளர்களின் பெயர். சட்டத்தின் பார்வையில் ஆக்கிரமிப்பாளர்கள் என்பதும் அவர்களின் வழித்தோன்றல்களே.

இன்று ஐஹோளேயில் கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு சுவர் மட்டுமே உள்ள சந்துகள் உண்டு. இத்தகைய வீட்டில் வசிப்பவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதைச் சட்டத்திலிருந்தே பார்க்கலாம். 1992-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுது பார்க்கலாம். அதற்கும் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். மகனுக்குத் திருமணமாகிவிட்டது, பின்புறம் ஓர் அறை கட்டலாம் என்றால் முடியாது. பிரதமரின் கிராமப்புற வீட்டுவசதித் திட்டத்தில் பெயர் வந்தாலும் தன் மனையில் புதிய வீடு எழுப்ப முடியாது.

கழிப்பறை விஷயத்தில் சட்டத்தின் நுணுக்கம் வியக்கவைப்பது. "கட்டுமானம்" என்பதற்கான வரையறையிலிருந்து பொதுக் கழிப்பறை, வடிகால், பொதுக் குடிநீர், மின் விநியோகம் ஆகியவை விலக்கப்பட்டுள்ளன. எனவே, தெருமுனையில் ஊருக்குப் பொதுவான கழிப்பறை கட்டலாம். வீட்டுக்குள் தனிக் கழிப்பறைக்குப் புதிதாக நான்கு சுவர் எழுப்பினால் அது கட்டுமானம். இரண்டு ஆண்டு வரை சிறைக்கு வழிவகுக்கும் குற்றம். இதே காலத்தில்தான் தூய்மை இந்தியா திட்டத்தில் வீட்டுக்கு வீடு கழிப்பறை கட்ட மத்திய அரசு 12,000 ரூபாய் மானியம் அளித்தது. 2019 அக்டோபர் 2-ஆம் தேதி கிராமப்புற இந்தியா திறந்தவெளிக் கழிப்பிடம் அற்றதாக அறிவிக்கப்பட்டது. ஓர் அமைச்சகம் கட்டச் சொல்கிறது, இன்னோர் அமைச்சகம் கட்டினால் வழக்கு என்கிறது. இரண்டும் ஒரே அரசின் கைகள். நடுவில் நிற்பவர்கள் இருட்டும் வரை காத்திருந்து வயல்வெளிக்குப் போகும் பெண்கள்.

ஊரையே வேறிடத்துக்கு மாற்றிவிடலாம் என்பது இதற்குக் கர்நாடக அரசு முன்வைத்த தீர்வு. பல பத்தாண்டுகளாக இது பேசப்படுகிறது. ஆட்சிகள் மாறுகின்றன, அமைச்சர்கள் வருகிறார்கள், பார்வையிடுகிறார்கள், அறிவிக்கிறார்கள். நிலம் எடுப்பு, இழப்பீடு, யார் பங்கைத் தருவது என்ற கேள்விகளில் கோப்பு நின்றுவிடுகிறது. ஊர் மாறவும் இல்லை; இருக்கும் ஊர் வாழ ஏற்றதாகவும் இல்லை. மாற்றப்போகும் ஊர்தானே என்று புதிய வசதிகளும் தள்ளிப்போடப்படுகின்றன. நிச்சயமின்மையே ஒரு நிரந்தர நிலையாகிவிட்டது. 2019 ஆகஸ்டில் மலப்பிரபா பெருக்கெடுத்துப் பட்டடக்கல் கோயில் வளாகத்துக்குள் தண்ணீர் புகுந்தபோது தேசிய ஊடகங்களின் கவனமெல்லாம் உலகப் பாரம்பரியச் சின்னத்தின் மீது இருந்தது. வளாகத்தை ஒட்டி வீடிழந்து நின்றவர்கள், உயரமான இடத்தில் புதிய வீடு வேண்டும் என்று கேட்டதற்கும் அதே பழைய பதில்கள்தான் கிடைத்தன.

இடமாற்றம் என்றால் ஹம்பி அனுபவம் மக்களின் நினைவில் இருக்கிறது. விருபாட்சர் கோயிலுக்கு எதிரே உள்ள பழைய கடைவீதி மண்டபங்களில் தலைமுறைகளாகக் குடியிருந்தவர்களும் கடை வைத்திருந்தவர்களும் 2011 ஜூலையில் அவசர அவசரமாக அகற்றப்பட்டனர். மண்டபங்கள் மீட்கப்பட வேண்டியவை என்பதில் ஐயமில்லை. மாற்று இடத்தில் வாழ வழி செய்த பிறகு அதைச் செய்திருக்கலாம் என்பதில் ஐயம் இருக்க முடியுமா? அதே ஹம்பியில் துங்கபத்திரை ஆற்றின் குறுக்கே பாலம் கட்ட முனைந்தது அரசு. அந்தப் பாலப் பணியே 1999-இல் ஹம்பியை அபாயத்தில் உள்ள உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சேர்க்கக் காரணமாயிற்று. 2006-இல்தான் ஹம்பி அதிலிருந்து விடுபட்டது. 2009 ஜனவரியில், கட்டிக்கொண்டிருந்தபோதே பாலம் இடிந்து விழுந்து தொழிலாளர்கள் பலியானார்கள். கடைக்காரரின் தட்டியைக் கண்ட கண்ணுக்கு அரசின் பாலம் தெரியாமல் போயிற்று.

யாருக்காகத் தளர்வு?:

இந்தச் சட்டம் கடுமையானது, திருத்த வேண்டும் என்ற குரல் தில்லியில் ஒலிக்காமல் இல்லை. ஆனால், அது எங்கிருந்து ஒலிக்கிறது என்பதே கேள்வி. 2017-இல் கொண்டுவரப்பட்டு 2018 ஜனவரி 2-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறிய திருத்த மசோதா, தடை செய்யப்பட்ட பகுதியில் மத்திய அரசின் பொதுப் பணிகளுக்கு மட்டும் வழி திறக்க முயன்றது. ஆக்ரா அருகே சிக்கந்தராவில் அக்பர் கல்லறையை ஒட்டிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் உயர்மட்டச் சாலை கட்ட முடியவில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மாநிலங்களவையில் எதிர்ப்பு எழுந்து, தேர்வுக் குழுவுக்குப் போன மசோதா சட்டமாகவில்லை. வரலாற்று அறிஞர்கள் அதை எதிர்த்தது சரியே. கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்த மசோதா நிறைவேறியிருந்தாலும் ஐஹோளேயில் ஒரு கழிப்பறைகூட எழும்பியிருக்காது. நெடுஞ்சாலைக்குத் தளர்வு, குடிசைக்குத் தடை என்பதே அதன் சாரம்.

2023 செப்டம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு தொல்லியல் துறையின் செயல்பாடு பற்றி அளித்த அறிக்கை இன்னும் சற்று விரிவாகச் சிந்தித்தது. பட்டியலில் ஏறத்தாழ கால் பங்கு, தேசிய முக்கியத்துவம் என்று சொல்லத்தகாத சிறு சின்னங்கள். நாட்டுக்காகவோ பண்பாட்டுக்காகவோ எதுவும் செய்யாத பிரிட்டிஷ் சிப்பாய்கள், அதிகாரிகளின் கல்லறைகள் மட்டும் 75 இருக்கின்றன. பட்டியலைச் சீரமைக்க வேண்டும் என்றது. அஜந்தாவுக்கும் பெயர் தெரியாத கல்லறைக்கும் ஒரே 100 மீட்டர் என்பது பொருந்தாது என்பதையும், சில இடங்களில் ஊர்களே வட்டத்துக்குள் சிக்கியிருப்பதையும் அது எடுத்துச் சொன்னது. 2024-ஆம் ஆண்டு அறிவிக்கை இதைப் பின்தொடர்ந்தே வந்தது.

பட்டியலைக் குறைப்பது எளிது. கையெழுத்தும் அரசிதழும் போதும். 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 35-ஆவது பிரிவு அதற்கு இடமளிக்கிறது. காணாமல் போனவற்றை நீக்குவதால் யாருக்கும் இழப்பில்லை என்று தோன்றும். ஆனால், ஒரு சின்னம் காணாமல் போகிறதென்றால் அது நின்ற நிலம் இன்று யாரிடமோ இருக்கிறது. அது எவ்வாறு கைமாறியது, அப்போது பொறுப்பில் இருந்த அதிகாரி யார் என்ற விசாரணை இல்லாமலேயே பெயரை அடித்துவிட்டால், சட்டத்தை மீறியவருக்கு அரசே பட்டா கொடுத்ததாகும். சட்டவிரோதக் கட்டுமானத்துக்குத் துணைபோகும் அதிகாரிக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்று 2010 திருத்தமே சொல்கிறது. தவிர, சிறு சின்னம் என்பதற்கு அளவுகோல் எது? ஹரியாணா வயல்களில் நிற்கும் கோஸ் மினார்களைத் தனித்தனியே பார்த்தால் வெறும் செங்கல் தூண்கள். வரிசையாகப் பார்த்தால் முகலாயர் காலத்தில் ஆக்ராவிலிருந்து லாகூர் வரை சென்ற பெருவழியின் மைல்கற்கள். ஒன்றை நீக்கினால் வரிசை அறுந்துவிடும். தேசியப் பட்டியலிலிருந்து இறக்கப்படுபவற்றை மாநிலத் தொல்லியல் துறைகள் ஏற்றுக்கொள்ளுமா, அதற்குப் பணம் எங்கே என்பதையும் முன்னதாகவே தீர்மானித்தாக வேண்டும்.

உண்மையில், கிராமங்களின் சிக்கலுக்கான திறவுகோல் 2010 திருத்தச் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு சின்னத்துக்கும் அதன் சூழலுக்கு ஏற்பத் தனித்தனி மரபு விதிமுறைகள் தயாரிக்க வேண்டும் என்று 20-இ பிரிவு கட்டளையிடுகிறது. சுற்றிலும் எவ்வளவு உயரம் வரை கட்டலாம், முகப்பு எப்படி இருக்க வேண்டும், வடிகால் எங்கே போகலாம் என்பதெல்லாம் அந்த விதிமுறைகளில் வர வேண்டும். அவை வந்தால் ஐஹோளே ஊர்க்காரர் எதையும் ஊகிக்க வேண்டியதில்லை. 200 மீட்டர் பகுதியிலாவது என்ன கட்டலாம் என்பது எழுத்தில் இருக்கும். இதற்காகவே தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையம் தில்லியில் அமைக்கப்பட்டது. பத்தாண்டுகளுக்கும் மேலான பிறகும் விதிமுறைகள் அறிவிக்கப்பட்டிருப்பது 3,700-க்கு அருகிலான சின்னங்களில் மிகச் சிறிய பகுதிக்கு மட்டுமே. விதிமுறை இல்லாத இடத்தில் ஒவ்வொரு விண்ணப்பமும் தனித்தனியே தில்லிக்குப் பயணம் செய்ய வேண்டும். இணையவழியில் விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். நிலவரைபடத்தையும் கட்டட வரைபடத்தையும் பதிவேற்றத் தெரிந்த நகர மனிதருக்கு அது வசதிதான்.

100 மீட்டர் என்ற எல்லையைக் கூட்டலாம், குறைக்கக் கூடாது என்பது இன்றைய சட்டம். அதைச் சின்னத்துக்கு ஏற்றபடி நிர்ணயிக்கும் அதிகாரம் வேண்டும் என்று கோருவோர் ஒரு பக்கம். அந்தக் கதவு திறந்தால் தில்லி, ஆக்ரா, ஆமதாபாத் நகரங்களில் நிலத் தரகர்களே முதலில் நுழைவார்கள் என்று அஞ்சுவோர் மறுபக்கம். இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. ஆனால், நகரத்து நிலமும் கிராமத்து மனையும் ஒன்றல்ல. நான்கு கோடி மதிப்புள்ள அடுக்குமாடியையும் நான்கு அடி அகலக் கழிப்பறையையும் ஒரே தராசில் நிறுத்தியதில்தான் சிக்கல் தொடங்கியது. வட்டத்துக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்களின் தனிக் கழிப்பறை, குளியலறை ஆகியவற்றைப் பொதுக் கழிப்பறையைப் போலவே "கட்டுமானம்" என்ற வரையறையிலிருந்து விலக்குவதற்கு ஒரு வரித் திருத்தம் போதும். 100 மீட்டர் விதியைத் தொட வேண்டிய அவசியமில்லை. எந்தச் சிற்பத்துக்கும் அதனால் கேடு வரப்போவதில்லை. அகழாய்வுக்குரிய மண் என்று கருதப்படும் இடங்களில் ஆழமாகக் குழி தோண்டாத வகைக் கழிப்பறைகளும் இருக்கவே இருக்கின்றன.

மரபு விதிமுறைகளை இன்டாக் போன்ற நிபுணத்துவம் வாய்ந்த அமைப்புகளைக் கலந்தாலோசித்துத் தயாரிக்க வேண்டும் என்கிறது 20-இ பிரிவு. ஆணையம் ஒப்புதல் அளித்ததும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்க வேண்டும். இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றும் சொல்கிறது. கிராம சபை என்ற சொல் அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.